தோற்ற அணியில் ஒருவர்

என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடர் முடிகிற ஒவ்வொரு முறையும் ஒரு வாதம் தவறாமல் கிளம்பும்: கோப்பையைத் தூக்காதவருக்கு மிகச்சிறந்த வீரர் விருது எதற்கு? இதற்கு 2015-ஐத்தான் உதாரணம் காட்டுவார்கள். அந்த ஆண்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவோடாலாவுக்கு 11 வாக்குகளில் 7. கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸுக்கு 4.

இகுவோடாலாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாரியர்ஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது, அந்த சீசனில் ஒருமுறைகூடத் தொடக்க ஐவரில் ஆடாத அவரை நான்காம் ஆட்டத்தில் முதலிலேயே இறக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த அணி தோற்கவில்லை. ஜேம்ஸை மறித்து ஆடும் பாரத்தையும் பெருமளவு அவர்தான் சுமந்தார்.

ஆனால் ஜேம்ஸ் என்ன செய்தார்? கெவின் லவ் முன்பே தோள் காயத்தால் விலகியிருந்தார். முதல் ஆட்டத்திலேயே கைரி இர்விங்கின் முழங்கால் சில்லு உடைந்தது. மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு ஆறு ஆட்டம்வரை இழுத்துப் பிடித்தார் அவர். சராசரி 35.8 புள்ளி, 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். இரண்டு அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றிலும் அவரே முதலிடம். அதுவரை எந்த இறுதித் தொடரிலும் யாருக்கும் அது வாய்க்கவில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் 40 புள்ளி, 14 ரீபவுண்ட், 11 அசிஸ்ட் எடுத்தும் தோற்றார். நிறைய ஷாட்களைத் தவறவிட்டார் என்கிறார்கள். உண்மைதான். பந்தை நம்பிக் கொடுக்க அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

வென்ற அணிக்குத்தான் கோப்பை கிடைத்துவிடுகிறதே! அதே வெற்றிக்கு இன்னொரு பரிசு கொடுப்பதாக இருந்தால், தனி மனிதரின் ஆட்டத்தை எடைபோட வாக்கெடுப்பு எதற்கு? 2018 கால்பந்து உலகக் கோப்பையில் குரோவேஷியா இறுதியில் தோற்றது; சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அந்த அணியின் மோட்ரிச்சுக்கே போனது. பிரான்ஸின் வெற்றி அதனால் சிறுத்துப்போய்விடவில்லை.

கூடைப்பந்திலும் இந்த நியாயம் ஒருமுறை நடந்திருக்கிறது. விருது தொடங்கிய 1969-இல், பின்தொடைத் தசைக் காயத்தோடு ஏழாம் ஆட்டத்தில் 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் எடுத்தார் லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட். இரண்டே புள்ளியில் தோல்வி. விருது அவருக்குத்தான். அதன் பிறகு தோற்ற அணியில் ஒருவர்கூட இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்குக்கூடத் தகுதி இல்லாமலா போயிற்று? எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆட்களைத் தேடுகிறார்கள்.

2009 முதல் இந்த விருது பில் ரஸ்ஸலின் பெயரில் வழங்கப்படுகிறது. 1969-இல் வெஸ்ட்டின் அணியைத் தோற்கடித்த செல்டிக்ஸின் பயிற்சியாளரும் வீரருமாக இருந்தவர் அந்த ரஸ்ஸல்தான்.