யார் காணச் செதுக்கினர்? ஈமச் சிற்பங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

பினாங்கில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நினைவிடம் அது. நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் உடல் ஈண்டு இல்லை. உருவச் சிற்பமும் இல்லை. எகிப்திய அரசர் கல்லறைகளைப் பாடமாக நடத்திவிட்டு இதன்முன் மாணவரை நிறுத்தினால், தமிழரிடம் ஈமக்கலை வளரவில்லை என்னும் முடிவு எளிதில் பிறந்துவிடும். அம்முடிவு பொருந்துமா என்பதே நம் வினா.

எகிப்தியச் சிற்பியின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அரசர் பள்ளத்தாக்கிலுள்ள ஹொரெம்ஹெப் கல்லறை முற்றுப்பெறாமையால் தொழில்முறை தெளிவாகப் புலப்படுகிறது. சிவப்புக் கோட்டில் வரைவு, கருங்கோட்டில் திருத்தம், பின் உளிவேலை, இறுதியில் வண்ணம் என அது படிப்படியாக அமைந்தது. கி.மு. 13ஆம் நூற்றாண்டினதாகிய முதலாம் சேத்தியின் கல்லறையில் இக்கலை நிறைவெய்தியது. ஆயின் அச்சிற்பங்கள் வாழ்வோர் காண்பதற்குரியன அல்ல. மன்னனின் மறுமைப் பயணத்திற்குத் துணையாகச் செதுக்கப்பெற்றவை; அடக்கத்திற்குப்பின் வாயில் மூடப்பெற்றது. 1817இல் பெல்சோனி அதனைக் கண்டறிந்தபின், சுவரில் ஒற்றி அச்செடுத்ததால் வண்ணம் சிதைந்தது. 1828-29 ஆய்வுப் பயணத்தில் இரு சிற்பப் பகுதிகள் பெயர்க்கப்பட்டுப் பாரிசுக்கும் புளோரன்சுக்கும் சென்றன.

நடுகல்லின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளும் ஊரார் கூடிச் செய்வன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. எருமைகளைக் காக்க மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்த நாயும் அக்கல்லில் இடம்பெறுகிறது; அந்நாயின் பெயரையும் கல்வெட்டு பதிந்துள்ளது. சேத்தியின் சுவரிலுள்ள நுட்பம் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிற்றூர் தன் நாயையும் மறவாதிருந்தமைக்கு இது சான்று.

சூலியா தெருவின் தர்காவோ உடலும் உருவமுமின்றியே நினைவைக் காக்கிறது. கடல் கடந்தோர்க்கு நாகூரை அண்மையாக்கியது அதன் பணி. ஆகவே, கலைத்திறம் என்னும் ஒரே அளவுகோலால் இம்மூன்றையும் அளப்பது பிழையாகும். யாருக்காக, யார் காண என்னும் வினாக்களை முதலில் எழுப்புவதே ஆசிரியர்க்குரிய நெறி. அவ்வாறு வினவும் மாணவன் சூலியா தெருவில் இல்லாமையைக் காணமாட்டான். வேறொரு மரபையே காண்பான்.