இடுக்கமான வாயிலும் நிரம்பாத மண்டபமும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் மே, ஜூன் திங்கள்களில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஒரு நீண்ட விளம்பரப் பலகையாக மாறிவிடுகிறது. குமணன்சாவடியிலிருந்து தண்டலம் வரை கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் தத்தம் பெருமையைப் பறைசாற்றுகின்றன. விண்ணப்பித்தோருள் இடம் பெற்றோர் எவ்வளவு குறைவோ அவ்வளவு உயர்ந்தது அக்கல்லூரி என்பது பெற்றோர் உள்ளத்தில் வேரூன்றிய கருத்து. அக்கருத்தைச் சற்றே ஆராய்தல் நன்று.

சேர்க்கை விகிதம் ஒரு பின்னம். மேலே இடங்கள், கீழே விண்ணப்பங்கள். கீழ்த்தொகை பெருத்தாலே விகிதம் சுருங்கும்; கற்பித்தலின் தரம் இம்மியளவும் உயர்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரே மாணவி பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால், பத்து இடங்களிலும் கூட்டம் ஒருவரால் கூடுகிறது. அவள் சேர்வதோ ஒன்றில்தான்.

மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வுக்கு 2017இல் பதிவு செய்தோர் ஏறத்தாழ 11.4 இலட்சம் பேர். 2024இல் 24 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அதற்குள் நாட்டின் எம்.பி.பி.எஸ். இடங்களும் பெருகி ஓர் இலட்சத்தைக் கடந்துவிட்டன. இடங்கள் கூடியும் நெருக்கடி தணியவில்லை. கீழ்த்தொகையில் புதியவர்களோடு, முன்பே எழுதியவர்களும் ஆண்டுதோறும் சேர்ந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை இதைத் தெளிவாக்குகிறது: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோருள் மறுமுறை தேர்வெழுதியோர் 2016-17இல் 12 விழுக்காட்டளவு, 2020-21இல் 71 விழுக்காட்டளவு. மறுமுறை எழுத ஓராண்டு வேண்டும்; அவ்வாண்டுக்குப் பொருள் வேண்டும். ஆகவே தகுதி என்று நாம் போற்றுவதில் காத்திருக்கும் வசதியும் கலந்திருக்கிறது. அவ்வசதியில்லாதவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிட்டாது 2017 செப்டம்பரில் மறைந்த அரியலூர் மாவட்டத்து அனிதாவை எந்த விகிதமும் நமக்குக் காட்டாது.

பொறியியலின் நிலையோ வேறு. 2007 முதல் நுழைவுத் தேர்வின்றி, மேனிலை மதிப்பெண்களை 200க்குக் கணக்கிட்டுக் கலந்தாய்வு நடைபெறுகிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பலர் விரும்பும் பிரிவுகளின் கட்-ஆஃப் 200ஐ ஒட்டி நிற்க, அதே கலந்தாய்வின் முடிவில் வேறு கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அரிதாயிருப்பது இடமன்று, நம்பத்தக்க இடமே.

நம்மவர் சிலர் இப்போட்டிக்கு விவிலியச் சான்றும் தேடுகின்றனர். இடுக்கமான வாயிலைப் பற்றியும், தெரிந்துகொள்ளப்பட்ட சிலரைப் பற்றியும் ஆண்டவர் கூறியவை தேர்வுக் கூடத்துக்கு ஏற்ற மொழிகளாகத் தோன்றலாம். ஆயினும் மத்தேயு நற்செய்தியின் திருமண விருந்து உவமையை முழுமையாக வாசிப்போர் வேறொன்றைக் காண்பர். அங்கே அரசனின் கவலை மண்டபம் வெறுமையாயிருப்பதே. சாலையோரங்களிலிருந்து நல்லோரும் தீயோரும் அழைத்துவரப்பட்டு மண்டபம் நிரம்புகிறது. திருமண ஆடையின்றி வந்தவன் வெளியேற்றப்படுவதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவன் சோதிக்கப்படுவது உள்ளே அமர்ந்த பின்னரே. வாயிலில் எவரும் தடுக்கப்படவில்லை.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்த 2020ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுவமைக்குச் சற்றே அண்மையில் நிற்கிறது. அவ்வழி நுழைந்தோரும் மற்றவர் படிக்கும் அதே பாடங்களைப் படித்து, அதே தேர்வுகளை எழுதியே மருத்துவராக வேண்டும். சோதனை நீங்கவில்லை, வாயிலின் நெருக்கமே சிறிது தளர்ந்தது.

ஆகவே, ஒரு கல்லூரி எத்தனை பேரைத் திருப்பியனுப்பியது என்று கேட்பதை விடுத்து, உள்ளே வந்தோருள் எத்தனை பேர் படிப்பை முடித்தனர், முதல் தலைமுறையாய் வந்தவர் எத்தனை பேர், அவர்கள் தயங்கிய போது கைகொடுத்தவர் யார் என்று நாம் கேட்போம். திருச்சபை நடத்தும் கல்லூரிகளிடம் இக்கேள்விகளை முதலில் கேட்பது நம் கடமை. விண்ணப்பக் குவியலைக் காட்டிப் பெருமை கொள்வது அவற்றுக்கும் எளிது. இம்மூன்று கேள்விகளுக்கு ஆண்டுதோறும் விடை வெளியிடுவது கடினம். ஆயினும் பிள்ளையின் கையைப் பிடித்து வாயிலில் நிற்கும் பெற்றோர்க்கு அதுவே பயன்படும்.