புதுக்கோட்டை சமஸ்தானக் கையேடும் 1948-ஆம் ஆண்டும்

கே.ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த 'புதுக்கோட்டை சமஸ்தானக் கையேடு' 1938 முதல் 1944 வரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. நிலம், வேளாண்மை, நிர்வாகம், வரலாறு, கோயில்கள், ஊர்கள் என அனைத்தையும் திரட்டிய இந்நூல், சமஸ்தானம் என்றும் நிலைத்திருக்கும் என்ற தொனியிலேயே பேசுகிறது. ஆனால் நான்கே ஆண்டுகளில், 1948 மார்ச்சில், புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. நிர்வாகக் கையேடாக எழுதப்பட்டது, மறைந்த அரசின் இறுதிச் சாட்சியமாக மாறியது.

அரசே வெளியிட்டதால் இதில் தொண்டைமான் மன்னர்களின் பார்வை மேலோங்குகிறது; குடிகளின் குறைகள் பெரிதும் பின்தள்ளப்படுகின்றன. இணைப்பு ஏன் எதிர்ப்பின்றி நடந்தது என்பதற்கு இதில் விடை தேட இயலாது. எனினும் ஊர்வாரியான கல்வெட்டு, கோயில் செய்திகளுக்காக, 1974-இல் உருவான மாவட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர் இதைத் தவிர்க்க முடியாது.