தாயிடம் ஒப்படைத்த சிகிச்சை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தேவைக்கு ஏற்ற அளவில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. அதனால் இரு நாட்டிலும் வல்லுநர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: பெற்றோருக்கே சொல்லிக்கொடுப்போம். சொல்லிக்கொடுத்த விதம்தான் வேறு.

கோவாவில் சங்கத் என்ற தொண்டு அமைப்பு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கியது. அவர்கள் ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள் நடத்துவார்கள். தாய் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, உடனே அவரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். உதாரணமாக, குழந்தை ஒரு மூடியைச் சுழற்றுகிறது, அம்மா "இது என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்கிறார். நிறுத்திப் பார்த்தால், கேள்விகளுக்கு நடுவே குழந்தை ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்திருப்பது தெரியும். அடுத்த முறை அவர் கேட்பதை விட்டுவிட்டு, தானும் ஒரு மூடியைச் சுழற்றிக் காத்திருப்பார். இந்த முறையைச் சோதிக்க, பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியிருந்தது. தாயும் குழந்தையும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொழும்பில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழுவும் வீட்டுப் பயிற்சியையே நம்பியது. ஆனால் அங்கே தாய் மருத்துவமனைக்கு வந்து கற்று, வீட்டில் செய்து, மறுபடி வந்து காட்ட வேண்டும். கொழும்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது சரி. முல்லைத்தீவிலிருந்து வரும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும்; தமிழில் பயிற்சி தரக்கூடியவர் கிடைப்பதும் அரிது. இந்த இடத்தில், உள்ளூர்ப் பணியாளரே சொல்லித்தரும் கோவா வழியே மேல் என்பேன்.

ஆனால் இலங்கைக்கும் ஒரு பலம் உண்டு. குடும்பநல மருத்துவிச்சி கிராமத்து வீடுகளுக்கும் போகிறார்; பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையில் இருக்கிறது. பேச்சு பிந்துவது முதலில் கண்ணில் படும் இடம் அது. கோவாவில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்த பணியாளர், இலங்கையில் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்.

சட்டத்தில் இந்தியா முன்னால் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான இலங்கையின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பெயரே இல்லை.

இரு நாட்டிலும் தாயை நம்பிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் அந்தத் தாய்க்கு மாதாந்திர உதவித்தொகையும், வாரத்தில் சில மணி நேரமாவது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இரு அரசுகளும் கொடுக்கட்டும்.