கண்ணில் படாத எடை

சந்திரயான்-2 கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பரப்பப்பட்டது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையின் பொடி. அப்பல்லோ கொண்டுவந்த மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்ததால்தான் அதை ஏற்றார்கள். ஆனால் விண்வெளியில் ஒளிராமல் மறைந்திருப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருளை ஒப்பிட எவர் கையிலும் ஒரு பிடி இல்லை. அதனால் அது உண்டா இல்லையா என்ற வழக்கு முழுவதும் எடைக் கணக்கிலேயே நடக்கிறது.

1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்தின் விண்மீன் மண்டலங்கள் மிதமிஞ்சிய வேகத்தில் ஓடுவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியும் நிறை அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்திலும் வெளிவிளிம்பின் சுழல்வேகம் குறையவில்லை. ஒளிராத பொருள், அதாவது கரும்பொருள், இருக்கிறது என்றது ஒரு பள்ளி. 1983இல் மோர்தெகாய் மில்குரோம் மறுபள்ளியைத் தொடங்கினார்: பொருளில் குறைவில்லை, மிக மெல்லிய முடுக்கத்தில் நியூட்டன் விதிதான் மாறுகிறது.

நம் நாட்டின் பெயர் முதற்பள்ளியில் முன்னமே உண்டு. 1973இல் ராமநாத் கௌசிக்கும் ஜான் மெக்லெலண்டும், நிறையுள்ள நியூட்ரினோக்களே கோமாவின் அந்த மறை எடையாக இருக்கலாம் என்றார்கள். (ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குக் கௌசிக் பின்னாளில் இயக்குநரானார்.) அந்தக் கருத்து நிலைக்கவில்லை. விரைந்தோடும் நியூட்ரினோக்கள் சிறு திரள்களைக் கலைத்துவிடும். இன்று காணும் மண்டலங்கள் அப்படிப் பிறந்திருக்க முடியாது. ஆனாலும் இத்துறையின் மேலான தோல்வி அதுதான் என்பேன். துகளின் பெயரைச் சொன்னது, நிறையையும் சொன்னது. அதனால் மறுக்கவும் முடிந்தது. பின்வந்த துகள்களில் பல, கருவியில் சிக்காதபோதெல்லாம் தம் எண்ணை மாற்றிக்கொண்டன.

மில்குரோமின் பலம் தனி மண்டலங்களில். ஒளிரும் பொருளை மட்டும் வைத்துச் சுழல்வேகத்தை வியக்கும்படி சொல்லிவிடுகிறார். கொத்துகளுக்கு வந்தாலோ அவர் கணக்கிலும் எடை உதைக்கிறது. 2006இல் ஆராயப்பட்ட புல்லட் கொத்தில், மோதிய இரு கொத்துகளின் வாயு நடுவே தங்க, ஒளியை வளைக்கும் நிறையின் பெரும்பகுதி விலகி முன்னே போயிருந்தது. பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த பிரபஞ்சத் தொல்லொளியும் சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கரும்பொருள் கேட்கிறது. என் வாக்கு முதற்பள்ளிக்கே.

ஆனால் சான்று ஆய்வகத்திலும் வேண்டும். ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் நம்மவர் கரும்பொருள் துகளுக்காகக் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டன் கணக்கில் திரவ ஜெனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். இன்னும் எதுவும் சிக்கவில்லை. 2024இல் ஜெனான் கருவிகள் இரண்டில் முதன்முறையாகச் சூரிய நியூட்ரினோக்களின் தடம் தென்பட்டது. இனி வரும் கருவிகளில், அந்தத் தடத்திலிருந்து கரும்பொருளின் தடத்தைப் பிரித்தெடுத்தாக வேண்டும்.