கதையில் வரும் இயந்திரமும் குரங்கணிக்கு வந்த இயந்திரமும்

விஞ்ஞானக் கதைகளில் ஒரு பெரும் பகுதி நம்மை அச்சுறுத்துவதற்கென்றே எழுதப்பட்டவை. மனிதன் படைத்த இயந்திரம் ஒருநாள் மனிதனையே அடிமை கொள்ளும் என்பது அவற்றின் சாரம். வருங்காலத்தை இன்பம் நிறைந்ததாகக் காட்டாமல் கொடிய நரகமாகக் காட்டும் இவற்றைத் துயருலகக் கதைகள் எனலாம். இவற்றைப் படித்த மாணவர் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இயந்திரம் நம்மை ஆளுமா?"

ஒரு மாணவி மட்டும் வேறு விதமாகக் கேட்டாள். அவளுடைய தாய் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் குடோனில் காய் பிரிக்கும் வேலை செய்கிறார். "சார், மெஷின் வந்தால் அம்மாவுக்கு வேலை இருக்குமா?" என்றாள்.

முதல் கேள்வியைப் பற்றி எழுதப்பட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. இரண்டாவது கேள்விக்கு அக்கதைகள் என்ன விடை தருகின்றன? புகழ்பெற்ற மூன்று நூல்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சினம் கொண்ட ரோபோக்கள்

'ரோபோ' என்ற சொல்லை உலகுக்கு அளித்தது, செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர். யூ. ஆர்.' என்னும் நாடகம். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு என்று பொருள். சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்ல. தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட, சதையும் நரம்பும் உள்ள செயற்கை மனிதர்கள். உலகின் வேலைகள் யாவும் அவர்கள் தலையில் விழுகின்றன. முடிவில் அவர்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கிறார்கள். ஒருவரை மட்டும் உயிரோடு விடுகிறார்கள். அவரும் தங்களைப் போலவே கைகளால் உழைப்பவர் என்பதே காரணம்.

உயர்ந்த நாடகம்தான், ஐயமில்லை. ஆயினும் இதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான கதைகளுக்கு இதுவே ஒரு தவறான வழியையும் காட்டிவிட்டது. உழைப்பவனின் சினத்தைச் சாப்பெக் ரோபோவுக்குக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் உழைப்பவனை மறந்துவிட்டுச் சினத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மோட்டாருக்கும் மின்சுற்றுக்கும் சினம் கிடையாது என்பது பௌதிகம் படித்த எவரும் அறிந்ததே.

திரைக்குப் பின்னால் இருப்பவர்

தமிழுக்கு வருவோம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2022-ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். முடிவில் அந்த ஜீவாவே வெறும் ஒளித்தோற்றம் என்று தெரியவருகிறது. பிறகு அதிகாரத்தைப் பிடிப்பவர்கள் மனிதர்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்தான் கதாநாயகி நிலாவுக்குக் கிடைக்கும் உண்மையான தோழன்!

கொடுமை இயந்திரத்திடம் இல்லை, அதன் பின்னால் நிற்கும் மனிதனிடம் இருக்கிறது என்று சுஜாதா காட்டியது சரியான பார்வை. அவர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குகொண்டவர். ஆனால் அவருடைய கதையின் நாட்டம் ஆட்சியின் மீது. உழைப்பின் மீது அன்று. அரண்மனைச் சூழ்ச்சியைத் தொடர்ந்து செல்லும் கதை, கூலிக்காரரின் வாசலில் நிற்பதில்லை.

கையின் திறமை நாடாவில்

அந்த வாசலில் நின்ற நூல் என்று, அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1952-இல் வெளியிட்ட 'பிளேயர் பியானோ'வைச் சொல்வேன். அவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே தானாக இயங்கி உலோகம் வெட்டும் இயந்திரத்தைக் கண்டதே நாவலுக்கு வித்து. இந்நாவலில் ரூடி ஹெர்ட்ஸ் என்ற கைதேர்ந்த கடைசல் தொழிலாளி வருகிறார். அவருடைய கையசைவுகளை நாடாவில் பதிவு செய்கிறார்கள். பிறகு நாடா போதும், கை வேண்டாம். இங்கே இயந்திரம் யாரையும் எதிர்க்கவில்லை, கொல்லவில்லை. தொழிலாளியின் திறமையை வாங்கிக்கொள்கிறது. அவரை வீட்டுக்கு அனுப்புகிறது.

ஆயினும் நம் நிலத்துக்குப் பொருந்தாத ஒன்று இதிலும் உண்டு. வேலை இழந்தவர்களுக்கு அந்நாவலில் சோற்றுக்குக் கவலையில்லை. அரசு ஏதோ ஒரு வேலையும் ஊதியமும் கொடுத்துவிடுகிறது. அவர்களை வாட்டுவது பயனற்றுப் போனோம் என்ற வேதனை. நம் ஊரில் வாரக்கூலி நின்றால் அந்த வாரமே அடுப்பு பார்க்கும்.

குரங்கணி சொல்லும் கதை

இனி நம் பக்கத்து மலைக்குப் போவோம். 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வண்டிப்பாதை வெட்டப்பட்டது. அதில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அதை அகற்றிவிட்டுச் சிறு ரயிலை ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் 'ரோப்வே' எனப்படும் கம்பிவடப் பாதையில் தொங்கியபடி, ஏறக்குறைய 5 கி.மீ. கீழே, குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924-இல் பெய்த பெருமழையின் வெள்ளம் மலை ரயிலை அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. கம்பிவடமும் மறைந்தது. குரங்கணிக்கு மேலே 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்ற மலைக் குடியிருப்பின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

இயந்திரம் போன பின்பு அம்மலை இன்பவுலகாக மாறிற்றா? இல்லை. சுமை மனிதர் தலைக்கும் குதிரை முதுகுக்கும் திரும்பியது. தேர்தல் நாட்களில் வாக்குப்பதிவு இயந்திரமே இப்பகுதி மலைச் சிற்றூர்களுக்குக் குதிரையேறிப் போயிருக்கிறது! இயந்திரத்தை ஒழித்தால் துன்பம் ஒழியும் என்று நினைப்பவர்கள் இந்த மலைப்பாதையில் ஒரு மூட்டையோடு ஏறிப் பார்க்கட்டும். அந்தக் கம்பிவடம் தேயிலைக்காக வந்தது; தேயிலைக்கு அது தேவையற்றுப் போனதும் போய்விட்டது. வந்தபோதும் போனபோதும் மலைவாழ் மக்களைக் கேட்டவர் யார்?

காய் பிரிக்கும் இயந்திரம்

அதே கேள்வி இப்போது மலையடிவாரத்தில், ஏலக்காய்க் குடோனில் எழுகிறது. பெண்கள் சுளகில் காயைப் பரப்பி, வெளுத்தது, வெடித்தது, நல்ல பச்சை என்று விரலாலும் கண்ணாலும் பிரிப்பார்கள். நிறம் பிரிக்கும் இயந்திரம் இதையே செய்கிறது. காய்கள் வரிசையாகக் கீழே விழும், காமிரா பார்க்கும், வேண்டாத காயைக் காற்றுப் பீச்சல் ஒன்று தட்டிவிடும். காய் 1 மீட்டர் தடையின்றி விழுந்தால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். காமிராவுக்கு 10 செ.மீ. கீழே காற்றுக்குழாய் இருந்தால், முடிவெடுக்கக் கிடைப்பது சுமார் 22 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு! எந்த விரலும் இதனோடு போட்டியிட முடியாது.

ஆனால் எது நல்ல காய் என்று இயந்திரத்துக்கு முதலில் காட்டுவது எதை வைத்து? கை பிரித்த மாதிரிக் காயை வைத்துத்தான். ரூடி ஹெர்ட்ஸின் நாடா நினைவுக்கு வருகிறதல்லவா? அந்தக் காமிராவுக்குள் இருப்பது, பல ஆண்டுகள் சுளகின் முன் அமர்ந்த பெண்களின் கண்.

ஆகவே துயருலகக் கதையைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் யாருடையது? அதற்குள் இருக்கும் திறமை யாரிடமிருந்து வந்தது? அந்த இடத்தில் அமர்ந்திருந்தவர் எங்கே போனார்? இவற்றுக்கு விடை தேடாத கதை, எத்தனை ரோபோக்களைக் காட்டினாலும் வெறும் பேய்க்கதையே.

அந்த மாணவிக்கு நான் பொய் சொல்லவில்லை. காய் பிரிக்கும் கூலிவேலை குறையும் என்றேன். ஆனால் அது இயந்திரத்தின் விருப்பம் அன்று; மிச்சமாகும் கூலி யாருக்குச் சேர வேண்டும், இயந்திரத்தை இயக்க யாருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் மனிதர்கள். அவர்களிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும் என்றேன். "அப்படி ஒரு கதை இருக்கிறதா, சார்?" என்றாள். நான் படித்த தமிழ்க் கதைகளில் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. எழுத வல்ல வாசகர்கள் முயன்று பார்க்கலாமே!