ஓட்டை நயம்

தூத்துக்குடிக் கடலில், வான் தீவின் கடற்புறமாக இறக்கியிருக்கும் செயற்கைப் பார்களில் முதலில் கண்ணில் படுவது கான்கிரீட். அடி அகன்று, தலை குறுகி, சரிந்த சுவர்களோடு நிற்கும் முரட்டு உருவம். அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுவர்களில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்களே, அவற்றைத்தான் ரசிக்க வேண்டும்.

முழுச் சுவரால் மறித்தால் அலை திரும்பி அடித்து அடிமணலைப் பறித்துக்கொண்டு போகும். ஓட்டையோ அலையை உள்ளே விட்டு, சுழலவிட்டு, அதன் வேகத்தைக் குடித்துவிட்டு மறுபுறம் அனுப்புகிறது. அசந்த நீர் தான் சுமந்த மணலைத் தீவுப் பக்கம் போட்டுவிடுகிறது. 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த தீவு, 2015இல் ஒன்றரை ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்திருந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளைக் காலங்காலமாகப் பெயர்த்தெடுத்தது அதற்கு ஒரு காரணம். தமிழக அரசும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் 10,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்களைக் கட்டம் கட்டமாக இறக்கத் தொடங்கிய பிறகுதான் மணல் திரும்பச் சேரத் தொடங்கியது. பெயர்த்தெடுத்த சுண்ணாம்பு, சிமென்டாக மாறி வீடு திரும்பியது என்றுகூடச் சொல்லலாம்.

என்னை அதிகம் நிறுத்தி வைப்பது ஓட்டையின் விளிம்பு. மார்ச் வாக்கில், பௌர்ணமியை ஒட்டி, மான்கொம்புப் பவளங்கள் முட்டையும் விந்தும் சேர்ந்த சிறு உருண்டைகளை நீரில் விடுகின்றன. அவற்றில் உருவாகும் பவளக் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சில நாள் மிதந்துவிட்டு இடம் பார்க்கத் தொடங்கும். வழவழப்பான பரப்பு ஆகாது. மண் படியும் மேல்தளமும் ஆகாது. சொரசொரப்பான, அரை நிழல் விழும் அடிவிளிம்பு வேண்டும். அங்கே இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருந்தால் இன்னும் விசேஷம். பெண் பார்க்கப் போகும் வீட்டார்கூட இத்தனை பார்க்கமாட்டார்கள்! பிடித்துவிட்டால் ஒட்டிக்கொண்டு, அடியில் சுண்ணாம்புக் கிண்ணமொன்று கட்டிவிடும். அதன்பிறகு நகர்வதில்லை.

உள்ளே களவா மீன் இருட்டில் பதுங்கியிருக்கும். வெளியே ஓரா மீன் கூட்டம் சுவரில் முளைக்கும் பச்சைப் பாசியை மேயும். மேய்ந்தால்தான் குஞ்சுக்கு இடம். சிமென்ட் வார்த்தவர்கள் இவற்றுக்குக் கூலி தருவதில்லை.

2010இலும் 2016இலும் நீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டுக்கு எந்த ஓட்டையிலும் மருந்தில்லை.